துண்டு வச்ச நைட்டி

அந்த ஜன்னலக் கொஞ்சம் தள்ளி விடுங்க டீச்சரம்மா. பயப்படாதீங்க, எனக்கு பஸ்ஸுல வாந்தி வராது. மனுசங்கள நெனச்சாத்தான் குமட்டிக்கிட்டு வருது. மாட்டுத்தாவணியில ஏறுனதுல இருந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க டீச்சர்தானே? மடியில பரீட்சைப் பேப்பர் கட்டு, மூக்குல கண்ணாடி, பாத்ததுமே நெனச்சேன். நான் படிக்கப் போடுற கண்ணாடிய வக்கீல் ஆபீஸ் மேஜையிலயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன். திரும்பப் போயி எடுக்க மனசு வரல.

ராஜபாளையமா போறீங்க? நல்லதாப் போச்சு. நானும் அங்க இறங்கித்தான் மேற்க எங்க ஊருக்கு பஸ் மாத்தணும். எங்க ஊர்ல எந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சாலும் தையல் மிஷின் சத்தம்தான். எல்லாம் நைட்டி. வேலுத்தாய் கார்மெண்ட்ஸ்னு போர்டு போட்டிருக்கும், அந்த வேலுத்தாய் நான்தான். பதினாறு மிஷின். வீட்டுக்காரரு போயிச் சேந்த பெறகு ஒத்தப் பொம்பளையா நின்னு நடத்துறேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். ஒருத்தர் மூளையில உதிச்சத இன்னொருத்தன் எடுத்துத் தச்சு வித்தா அதுக்கு என்ன பேரு? திருட்டுதானே? படிச்சவுக நீங்க சொல்லுறீங்க, கோர்ட்டுல சொல்ல மாட்டேங்குறாக. அதான் வயித்தெரிச்சல்.

தொழில்ல பாத்துத் தைக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு, அது வேற. பம்பாய்ல இருந்து புது மாடல் வந்தா, ஒரு பீஸ் வாங்கி, பிளேடால தையலப் பிரிச்சு, பேப்பர் மேல விரிச்சு அளவு எடுத்துக்கிடுவோம். ஊரே அப்படித்தான் செய்யும். முப்பது வருசமா நானும் அப்படித்தான். அதுக்குப் பேரு மாதிரி எடுக்குறது. பம்பாய்க்காரன் என்ன நம்ம தெருவுலயா இருக்கான், அவனுக்கு வலிக்க? அவன் மூஞ்சிய நான் பாத்தது கூட இல்ல. ஆனா எங்க ஊர்ல தங்கமாரின்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க, ரெண்டு தெரு தள்ளி ஷெட்டு போட்டிருக்கான். என் வீட்டுக் காப்பியக் குடிச்சிட்டு என் மாடலத் திருடுனான். த்தூ. நெனச்சாலே நாக்கெல்லாம் கசக்குது.

முதல்ல இருந்து சொல்றேன். நைட்டி போட்ட பொம்பளைக்கு ஒரு ரோதனை உண்டு, உங்களுக்கும் தெரியும். வாசல்ல பால்காரன் மணியடிப்பான். சிலிண்டர்காரன் கூப்பிடுவான். உடனே துண்டத் தேடணும். கொடியில கிடக்குறத எடுத்து மேல போத்திக்கிட்டு ஓடுவோம். குனிஞ்சா அது நழுவி வாளித் தண்ணிக்குள்ள விழும். எத்தனை வருசமா இந்தக் கூத்து. நைட்டிக்குப் பட்டன் வச்சான், ஜிப்பு வச்சான், பை வச்சான், லேஸ் வச்சான். துண்டுக்கு ஒருத்தனும் வழி பண்ணல.

எங்கிட்ட சம்முவக்கனின்னு ஒருத்தி ஒம்பது வருசமாத் தச்சுக்கிட்டிருந்தா. கழுத்து தைக்கிறதுல கெட்டிக்காரி. பக்கத்துத் தெருதான், நைட்டியோடதான் வேலைக்கு வருவா. அவ தெருவுல குழாய் கிடையாது, குடத்தத் தூக்கிக்கிட்டு நாலு தெரு அலையணும். ஒரு நா பாக்குறேன், அவ நைட்டியில துண்டு தனியா இல்ல. அதே துணியில ஒரு முழ அகலத்துக்கு வெட்டி, வலது தோள்ல மடிப்பு மடிப்பாப் பிடிச்சு, நெஞ்சுக்குக் குறுக்க எறக்கி, இடது இடுப்புல தையலோட சேத்துத் தச்சிருந்தா. தாவணி போட்ட மாதிரி அம்சமா இருந்துச்சு.

இத நல்லாக் கவனிங்க டீச்சரம்மா. ஷெட்டுல பதினஞ்சு பேரு தினமும் அதப் பாத்தாளுக. ஒருத்திக்கும் ஒண்ணும் தோணல. போட்டிருந்த அவளுக்கே தோணல. என் கண்ணுக்குத்தான் அது சரக்காத் தெரிஞ்சுச்சு. அப்ப அது யாரு மூளை? எம்மூளைதானே?

அன்னைக்கே அவளை நிப்பாட்டி வச்சு அளவெடுத்தேன். ரெண்டு மாசத்துக்கும் மேல ஆச்சு துணி தேர்ந்தெடுக்க, கட்டிங் சரி பண்ண. எங்க தொழில்ல ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பேரு வைப்போம். அப்பத்தான் மதுரைக் கடைக்காரன் போனுலயே, அந்த மாடல்ல நூறு போடு, இந்த மாடல்ல அம்பது போடுன்னு சொல்ல முடியும். இதுக்கு என்ன பேரு வைக்கலாம்னு பேசிக்கிட்டிருந்தோம். அந்தக் கனி மிஷின விட்டுத் தலையத் தூக்காமலே, கனி மாடல்னு வைங்கக்கான்னா. எல்லாப் பொம்பளைகளும் சிரிச்சாளுக. நானும் சிரிச்சேன். வேலுத்தாய் ஸ்பெஷல்னு வச்சேன். அவளும் சிரிச்சான்னுதான் நெனைக்கிறேன். அந்தத் தீபாவளிக்கு அவளுக்கு மட்டும் ஒசந்த சேலை எடுத்துக் குடுத்தேன். வேற எந்த முதலாளி குடுப்பான்?

இத எவனும் மாதிரி எடுத்துறக் கூடாதுன்னு மதுரையில ஒரு வக்கீலப் பிடிச்சேன். அவரு சொல்லித்தான் இப்படியொரு சட்டம் இருக்குன்னே தெரியும். பாட்டு எழுதுறவனுக்கு ஒரு உரிமை இருக்குற மாதிரி துணி டிசைனுக்கும் இருக்காம். பதிஞ்சு வச்சா பத்து வருசத்துக்கு வேற யாரும் தைக்கக் கூடாது. ஆனா உபயோகத்துக்குப் பாதுகாப்பு கிடையாதாம், கண்ணுக்குத் தெரியிற உருவத்துக்குத்தானாம். முன்னால, பின்னால, பக்கவாட்டுலன்னு போட்டோ எடுத்து விண்ணப்பம் போச்சு. அப்ப வக்கீல் ரெண்டு கேள்வி கேட்டாரு. இத உருவாக்குனது யாருன்னாரு. நான்னு சொன்னேன். இதுக்கு முன்னால வெளிய யாருக்கும் காட்டியிருக்கீங்களான்னாரு. ஒரு பீஸ் கூட விக்கல, ஷெட்டுக் கதவு தாண்டலன்னு சொன்னேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

சர்டிபிகேட்டு வந்துச்சு. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிச் சந்தனம் வச்சேன். வக்கீல் சொன்னபடி கழுத்துப் பட்டை லேபிள்ல நம்பர அச்சடிச்சோம். அந்தக் கனி வந்து கண்ணாடிச் சட்டத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. இதுல என்னக்கா எழுதியிருக்குன்னு கேட்டா. இந்த நைட்டி என்னோடதுன்னு எழுதியிருக்குடின்னேன். ஓகோன்னுட்டுப் போயி மிஷின்ல உக்காந்தா. அத்தோட விட்டுட்டேன், அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

சரக்குன்னா சரக்கு, அப்படி ஓடுச்சு. மதுரை, தேனி, கேரளா வரைக்கும். பொங்கலுக்கு முன்னாலயே தங்கமாரியும் எறக்கிட்டான். என்ன பண்ணுனான் தெரியுமா, துண்ட வலது தோள்ல இருந்து இடது தோளுக்கு மாத்திட்டான். ஓரத்துல லேஸ் வச்சுட்டான். கேட்டா இது என் டிசைன்னுட்டான். அட, கூறுகெட்டவனே, தோள மாத்திட்டா டிசைன் ஒன்னோடதாயிருமா? பம்பாய் மாடல எடுக்கையில நாங்களும் கழுத்த மாத்துவோம், கைய மாத்துவோம், இல்லன்னு சொல்லல. ஆனா கூட இருக்குற ஆளு வயித்துல அடிக்க மாட்டோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல கேஸப் போட்டேன். அவன் வக்கீல் எந்திரிச்சு, நாங்க காப்பி அடிச்சோமா இல்லையாங்கிறது அப்புறம் இருக்கட்டும், இந்த நைட்டி பதிவு பண்ணும்போது புதுசே இல்லைன்னுட்டான். அப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டா கேஸு ஹைகோர்ட்டுக்குப் போயிருமாம். மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக. புதுசு இல்லைன்னு எத வச்சு சொல்றான்னு எனக்குச் சிரிப்பா இருந்துச்சு.

பேப்பர வச்சு டீச்சரம்மா. செய்திப் பேப்பரு.

அந்த வருசம் சித்திரையில எங்க ஊர்ல பதினெட்டு நாளா தண்ணி வரல. பொம்பளைக எல்லாம் காலிக் குடத்தத் தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டுல மறியல். நான்தான் மிஷின நிப்பாட்டிட்டு, போங்கடி எல்லாரும், கூட்டம் இருந்தாத்தான் தண்ணி வரும்னு அனுப்பி வச்சேன். என் வீட்டுத் தொட்டியும் காஞ்சு கெடந்துச்சு. மறுநா பேப்பர்ல போட்டோ வந்துச்சு. முதல் ஆளா, இடுப்புல பச்சைக் குடத்தோட, கைய நீட்டி தாசில்தாரப் பாத்துப் பேசிக்கிட்டு நிக்கிறா சம்முவக்கனி. மத்தவளுக தோள்ல எல்லாம் துண்டு நழுவிக் கெடக்கு. அவளோடது மட்டும் மடிப்புக் கலையாம அப்படியே நிக்குது. நான் விண்ணப்பம் போட்டது ஆவணியில. எத்தனை மாசம் முன்னால பாருங்க.

அந்தப் போட்டோவ வெட்டி எங்க ஷெட்டுச் சுவத்துல ஒட்டி வச்சது யாரு? நாங்கதான். எங்க ஷெட்டுப் பொம்பளைக படம் பேப்பர்ல வந்திருக்குன்னு பெருமை. கேஸுக்கெல்லாம் முன்னால, தங்கமாரி அவன் மக கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தப்ப அந்தச் சுவத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னான். மறியல் படத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான்னு காப்பி போட்டுக் குடுத்தேன். அந்த டம்ளரக் கழுவுனத நெனச்சா இப்பக் கூட கை கூசுது.

வக்கீல் தலையில கைய வச்சுக்கிட்டாரு. வித்தாத்தான் வெளியாகும்னு இல்லம்மா, ஊரு பாத்தாலே வெளியானதுதான், அதுலயும் பேப்பர்ல வந்திருச்சுன்னாரு. எனக்கு ஒரு வழி தோணுச்சு. போட்டோவுல தையல் தெளிவா இல்ல. அது தச்சது இல்ல, வெறும் துண்டு, ஊக்கு குத்தியிருந்தேன்னு அவ ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா முடிஞ்சு போச்சு. வக்கீல்ட்ட சொல்லிக்கிடல. டைப் அடிக்கிற கடையில ஒரு தாள் அடிச்சு வாங்கிட்டு வந்து கனியக் கூப்பிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஷெட்டுல யாரும் இல்ல. நான் உக்காருற நாற்காலியிலயே அவளை உக்கார வச்சேன்.

"ஊக்கு குத்தியிருந்தேன்னு ஒரு வரி இருக்கு கனி. கீழ கையெழுத்து மட்டும் போடு."

அவ தாள வாங்கி எழுத்துக் கூட்டிப் படிச்சா. எனக்குப் பொறுமை போகுது. கடைசி வரைக்கும் படிச்சிட்டுத்தான் நிமிந்தா.

"ஊக்கு இல்லக்கா. நான் தச்சேன்."

"தச்சேன்னு சொன்னா நம்ம பதிவு போயிரும்டி. ஊர்ல இருக்குறவன் பூரா தைப்பான். ஒனக்கும்தானே வேலை போகும்."

"நான் தச்சதத்தானக்கா நீங்க பதிஞ்சிருக்கீக."

பாருங்க வாய. ஒம்பது வருசம் படியளந்த கையப் பாத்துப் பேசுற பேச்சா இது? நானும் எறங்கிப் போனேன். சரிடி, மாடலுக்கு ஒம்பேரே வச்சிருதேன், கனி மாடல்னே போட்டுருதேன்னேன். அவ தாள மடிச்சு மேஜை மேல வச்சு, காத்துல பறக்காம இருக்கக் கத்திரிக்கோல அதுக்கு மேல வச்சா.

"கேட்டப்ப சிரிச்சீகளேக்கா" அப்படின்னா. அவ்வளவுதான். டிபன் வாளியத் தூக்கிக்கிட்டுப் போனவ போனவதான். சிரிச்சத எவளாவது ஒண்ணரை வருசம் மனசுல வச்சிருப்பாளா? என்ன பிறவியோ.

அப்புறம் அவளைக் கோர்ட்டுலதான் பாத்தேன். தங்கமாரி தரப்பு சாட்சியாக் கூப்பிட்டிருந்தாக. மூணு தடவ வாய்தா. மூணு நாளும் கடைசி பெஞ்சுல உக்காந்து, ரெண்டு பக்கத்து வக்கீலும் என்ன பேசுறாக, ஜட்ஜு என்ன கேக்குறாருன்னு காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தா. புரியாதத எல்லாம் பக்கத்துல இருந்த குமாஸ்தாகிட்ட கேட்டுக்கிட்டா. சாட்சி சொல்ல வந்தவளுக்கு அது எதுக்கு?

கூண்டுல ஏறி மஞ்சப் பையத் திறந்தா. உள்ள அந்தப் பழைய நைட்டி. வெளுத்துப் போயி, மஞ்சக் கறையும் எண்ணெய்க் கறையுமா, இடுப்புப் பக்கம் குடம் ஒரசி ஒரசித் தேஞ்சு போயி. அத ஒரு கோர்ட்டு ஊழியர் ரெண்டு கையாலயும் தூக்கி விரிச்சுக் காட்டுறாரு. ஆம்பளைக நெறஞ்ச கோர்ட்டுல ஒரு பொம்பளை போட்டு அவுத்த நைட்டி. எனக்கு உடம்பெல்லாம் அருவருப்பாப் போச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவ குனியவே இல்ல. இது எப்பத் தச்சதுன்னு கேட்டாக. தண்ணி வராத அந்தச் சித்திரையிலன்னா. எதுக்குத் தச்சேன்னு கேட்டாக. குடம் தூக்கையில துண்டு நிக்க மாட்டேங்குதுன்னா. முதலாளியம்மா இதுக்கு ஏதும் குடுத்தாங்களான்னு கேட்டாக. தீபாவளிக்குச் சேலை குடுத்தாகன்னா. ஜட்ஜு எழுதுறத நிப்பாட்டிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. சேலை குடுத்ததயாவது மறக்காமச் சொன்னாளே, அந்த மட்டுக்கும் நன்றி இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.

பதிவு ரத்து. கேஸும் தள்ளுபடி. தங்கமாரி கோர்ட்டு வாசல்ல லட்டு குடுத்தான். மூதேவி, அவனுக்கும் புரியல. ரத்துன்னா அது அவனோடதும் இல்ல, யாரோடதும் இல்லன்னு அர்த்தம். மறுவாரமே எங்க ஊர்ல நாப்பது ஷெட்டுலயும் துண்டு வச்ச நைட்டிதான். வெல எறங்குன எறக்கத்துல அவன் தச்சு அடுக்குனதெல்லாம் இப்ப மூட்டையாக் கெடக்கு. எலி கடிக்குதாம். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்.

இது நடந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்குக் கேஸ் கட்டத் திருப்பி வாங்கத்தான் மதுரைக்கு வந்தேன். மறுபடி எதாவது பண்ண முடியுமான்னு வக்கீல்ட்ட கேட்டேன். விட்டுருங்கம்மா, அந்தப் பொண்ணு பேரையே போட்டு, அவகிட்ட எழுதி வாங்கி, தச்ச அன்னைக்கே பதிஞ்சிருந்தா இன்னைக்கு ரெண்டு பேருக்கும் சோறு போட்டிருக்கும்னாரு. என் காசத் தின்னுட்டு எனக்கே புத்தி சொல்றாரு. அந்தக் கோவத்துலதான் கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டேன்.

கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டோமா? இன்னும் அர மணி நேரம் இருக்கு. உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன். யாருகிட்டயும் சொல்லிராதீங்க.

வர்ற வழியில விளக்குத்தூண் பக்கம் எங்கிட்ட பதினஞ்சு வருசமாச் சரக்கு எடுத்த கடை. வாசல்லயே ஒரு நைட்டி தொங்குது. நூறு அடிக்கு அந்தப் பக்கமே கழுத்துத் தையலப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டேன், அது கனி கை. வீட்டுலயே ரெண்டு மிஷின் போட்டுத் தைக்கிறான்னு கேள்விப்பட்டேன், இவ்வளவு தூரம் வந்திருப்பான்னு நெனைக்கல. கடைக்காரன் என்னையப் பாத்து நெளியுறான். ஒரு பீஸ் குடுன்னேன். கவரப் பிரிச்சுக் கூடப் பாக்கல, பையில திணிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

இந்தாங்க, பிடிங்க. துணி நல்லாத்தான் இருக்கு, என்னத்தச் சொல்ல. இப்பத் துண்டு இடுப்போட முடியல பாத்தீங்களா, சுத்திப் பின்னால போயி, மறுபடி முன்னால வந்து மாங்கா வடிவத்துல ஒரு பையா முடியுது. போனு வைக்க, சாவி வைக்க. அடிப்பாவி. பையும் வெளிய தெரியுது, உருவமாவும் இருக்கு. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே சட்டம். இது வரைக்கும் எவனும் இப்படித் தைக்கல டீச்சரம்மா, எனக்குத் தெரியும்.

இந்தத் தடவ நான் கூறா இருக்கப் போறேன். ஊருக்குப் போனதும் பிளேடு எடுத்துப் பிரிச்சு அளவெடுத்துருவேன். காலையில போட்டோ. நாளைக்கழிச்சு விண்ணப்பம், வேற வக்கீல வச்சு. கடையில தொங்க ஆரம்பிச்சு ஒரு வாரம்தான் ஆச்சாம், இன்னும் பேப்பர்ல ஒண்ணும் வரல. அவளுக்கு எங்க பதியத் தெரியப் போகுது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ. தப்பா? இதுல என்ன தப்பு? எங்கிட்ட ஒம்பது வருசம் தொழில் படிச்சவ தச்சது எனக்கில்லாம யாருக்கு?

கழுத்துப் பட்டையில லேபிள் ஒண்ணு இருக்கு, விரல்ல தட்டுப்படுது. பொடி எழுத்து. உங்க கண்ணாடிக்குத் தெரியும், என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க.

கனி மாடலா. போட்டுக்கட்டும், போட்டுக்கட்டும். கீழ? அளவுதானே? அளவு இல்லையா.

பதிவு செய்த டிசைனா. நம்பரா. சரியாப் பாருங்க, போன் நம்பரா இருக்கும். இன்னொரு தடவ படிங்க.

ஜன்னல அடைக்காதீங்க டீச்சரம்மா, இன்னும் நல்லாத் திறந்து விடுங்க. அந்தப் பீஸக் குடுங்க இங்க. சீ, என்ன மனுச ஜென்மம். டிசைன் பதியலாம்னு எங்க ஊருக்கே தெரிய வச்சது யாரு? நான். எஞ்சர்டிபிகேட்டத் தொட்டுத் தொட்டுப் பாத்தவ அவ. எங்கேஸுல பெஞ்சுல உக்காந்து ஓசியில கேட்டவ அவ. லேபிள்ல நம்பர் அடிக்கிறது எம்மூளை டீச்சரம்மா, எங்க ஊர்ல எனக்கு முன்னால ஒருத்தரும் அடிச்சதில்ல. அதையும் எடுத்துக்கிட்டா. இதுக்கு நான் எந்தக் கோர்ட்டுல போயி நிக்க, நீங்களே சொல்லுங்க.